மேற்கு வரிசை வாழைக்குத் தண்ணீரைக் கூட்டுவதா, குறைப்பதா?

பணகுடி பக்கம், செம்மண். ஏத்தன் (நேந்திரன்) வாழை, மாசியில் நட்டது, 6க்கு 6 அடி. தோட்டத்துக்கு மேற்கே கல் கிரஷர். ஆனி பிறந்து மேல்காற்று எடுத்ததிலிருந்து அந்தப் பக்கத்து நாலு வரிசை மட்டும் தேறவில்லை.

காலை பதினொரு மணிக்கே இலையின் இரண்டு பாதியும் கீழே மடிகின்றன. ஓரம் காய்ந்து உள்ளே ஏறுகிறது. இலைமேல் விரல் வைத்து இழுத்தால் சாம்பல் நிற மாவு ஒட்டுகிறது. பனி பெய்த மறுநாள் அது பொருக்காகப் படிந்துவிடுகிறது. அடியிலோ மண்ணைப் பிடித்தால் உருண்டை நிற்கிற ஈரம் இருக்கிறது.

மரத்துக்கு மணிக்கு 4 லிட்டர் சொட்டும் டிரிப்பர் இரண்டு. தினம் 2 மணி நேரம் (16 லிட்டர்) விட்டதை 3 மணி நேரமாக்கி (24 லிட்டர்) 12 நாள் ஆச்சு, மாற்றமில்லை. பொட்டாஷ் கொடுத்தாச்சு. இலைப்புள்ளி இல்லை, கிழங்கு வெட்டிப் பார்த்ததில் அழுகலும் இல்லை. பவர் ஸ்பிரேயரில் வாரம் ஒருமுறை இலையைக் கழுவினால் இரண்டு நாள் நிமிர்கிறது, அப்புறம் பழையபடிதான். போர் தண்ணீரில் ஈ.சி. (உப்பின் அளவைக் காட்டும் எண்) 1.6, கழுவிய இலை காய்ந்ததும் ஓரத்தில் வெள்ளைப் பூச்சு நிற்பதால் அதையும் நிறுத்தியாச்சு.

உப்புதான் காரணம் என்றால் எல்லா வரிசையும் காய வேண்டும், தண்ணீர் ஒன்றுதானே. ஆனால் முதலில் காற்றை வாங்குவதும் இதே நாலு வரிசைதான், அதனால் தூசி மட்டும்தான் என்றும் அடித்துச் சொல்ல முடியவில்லை. குலை தள்ளுவதற்குள் இலை மீள வேண்டும்.

கிரஷர் பக்கம் வாழை வைத்தவர்கள் சொல்லுங்கள்: இந்த நாலு வரிசைக்கு 24 லிட்டரையே தொடர்வதா, 16க்கு இறக்குவதா?