மறு: மாயத்தோற்றம் வேண்டாம், ‘இட்டுநிரப்பல்’ என்போம்

வணக்கம். சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவு உரையாடுபொறிகள் இல்லாததை உண்மைபோல் சொல்வதை ஆங்கிலத்தில் ‘ஹாலுசினேஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘மாயத்தோற்றம்’ வேண்டாம், ‘இட்டுநிரப்பல்’ என்போம் என்று எழுதியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> ‘மாயத்தோற்றம்’ செய்தித்தாள் வரைக்கும் வந்துவிட்டது. ஹாலுசினேஷனுக்கு நேர்ச்சொல்லும் அதுதான். பழகியதை ஏன் கலைக்க வேண்டும்?

நேர்ச்சொல் என்பதுதான் ஐயா சிக்கலே. 2023-இல் கேம்பிரிட்ஜ் அகராதி ‘ஹாலுசினேட்’ என்பதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. ஆனால் செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடி ஜெஃப்ரி ஹின்டனே, உளவியலில் இதற்குச் சரியான பெயர் ‘கன்ஃபேபுலேஷன்’ (நினைவில் இல்லாததைத் தானறியாமல் நிரப்பிச் சொல்வது) என்கிறார். பொருந்தாத சொல்லை நாம் எதற்கு வரிக்கு வரி பெயர்க்க வேண்டும்?

மாயத்தோற்றம் புலன் சார்ந்தது. பார்வை மங்கிய முதியவர்கள் சிலருக்கு, இல்லாத ஆட்கள் எதிரே நிற்பதுபோலத் தெரியும். தன் தாத்தாவுக்கு அப்படி நேர்ந்ததை 1760-இல் சார்ல்ஸ் பானே எழுதிவைத்தார். அந்நிலைக்கு இன்றும் அவர் பெயர்தான். தான் காண்பது நிஜமில்லை என்று அந்தத் தாத்தாவுக்கு நன்றாகவே தெரியும். உரையாடுபொறிக்கோ பார்ப்பதற்கும் எதுவும் இல்லை, ‘இது நிஜமில்லை’ என்ற தெளிவும் இல்லை. இரண்டு பக்கமும் ஒட்டவில்லை.

இங்கே சிங்கப்பூரில், சமூக மன்றத்தில் மூத்தோருக்கு நடக்கும் கைபேசி வகுப்பில் நானும் உதவுகிறேன். போன மாதம் ஓர் உரையாடுபொறியிடம் 1340-ஆம் குறளைக் கேட்டுக் காட்டினேன். 1330-க்கு மேல் குறள் கிடையாது என்பது தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அது சற்றும் தயங்கவில்லை. அதிகாரத் தலைப்பு, இரண்டு அடி, தெளிவுரை எல்லாம் வந்துவிட்டன. முதலடியில் நாலு சீர், இரண்டாமடியில் மூன்று. ஈற்றுச்சீர் ‘உலகு’, பிறப்பு வாய்பாடு; குறள் முடியத்தக்க முறைதான். இரண்டு இடத்தில் தளை தட்டியது (சீரும் சீரும் இணையும் விதி பிசகியது), அவ்வளவுதான். அச்சில் பார்த்திருந்தால் வேகமாகப் படிப்பவர் ஏமாந்துபோவார். முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர், “ஏன் தம்பி, அது பொய் பேசுதா?” என்றார்.

பொய் என்றால் உண்மை தெரிந்திருக்க வேண்டும், மறைக்கும் எண்ணமும் வேண்டும். அதனால் ‘பொய்யுரை’ போகட்டும். ‘உளறல்’ என்று ஜொகூர் நண்பர் சொன்னது சிரிப்பை வரவழைத்தது. ஆனால் உளறலில் கோவை இருக்காது; இங்கே தொல்லையே கோவை அதிகம் என்பதுதான். ‘புனைவு’ சிறுகதைக்காரர்களுடையது, அவர்களிடமே இருக்கட்டும். ‘இட்டுக்கட்டல்’ கிட்டத்தட்ட வந்துவிட்டது, நானும் அதில்தான் நின்றேன். எனினும் “என்மேல் இட்டுக்கட்டிச் சொல்றான்” என்னும்போது அதில் வன்மம் ஒட்டியிருக்கிறதே.

எனவே: இட்டுநிரப்பல்.

கோர்சகோவ் என்ற ரஷ்ய மருத்துவர் 1880-களில் விவரித்த நோயை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் குடியாலும் சத்துக்குறைவாலும் உடம்பில் பி1 வைட்டமின் வற்றிப்போக, நினைவாற்றல் கெடுகிறது. வாரக்கணக்காகப் படுக்கையில் இருப்பவரிடம் “நேற்று என்ன செய்தீர்கள்?” என்றால், வேலைக்குப் போனேன், வழியில் இன்னாரைப் பார்த்தேன் என்று விவரமாகச் சொல்லக்கூடும். ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை. நினைவில் பள்ளம் விழுந்த இடத்தைப் பழைய நினைவும் வழக்கமும் கொண்டு மனம் அடைத்துவிடுகிறது. இதுதான் கன்ஃபேபுலேஷன்.

உரையாடுபொறிக்குள் இயங்கும் மொழி மாதிரி செய்வதும் ஏறத்தாழ இதே. முன்னால் உள்ள சொற்களைப் பார்த்து, அடுத்து வரத்தக்க துண்டு எதுவென்று நிகழ்தகவு கணித்து இடுகிறது. ஆதாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏதாவது ஒன்று நிகழ்தகவில் முன்னால் நின்றே தீரும். ‘தெரியாது’ என்பதும் அதற்கு இன்னொரு தொடர்தான். அதை எங்கே சொல்ல வேண்டும் என்று தனியாகப் பழக்க வேண்டியிருக்கிறது.

> நோயாளியோடு ஒப்பிடுவது சரியா? நல்ல நிலையில் உள்ள மனிதர் இப்படிச் செய்வதில்லையே.

செய்கிறார் அம்மா. ஸ்வீடன் ஆய்வாளர்கள் யோஹன்சனும் ஹாலும் 2005-இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். இரண்டு முகப்படம் காட்டி, பிடித்ததைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பிறகு கைவித்தையால் படத்தை மாற்றிக் கொடுத்து, “இவரை ஏன் பிடித்தது?” என்று கேட்டார்கள். மாறியதைப் பெரும்பாலும் யாரும் கவனிக்கவில்லை. ஒருவர் முதலில் தேர்ந்த படத்தில் காதணியே கிடையாது. மாற்றிக் கொடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, காதணி பிடித்திருந்தது என்று காரணம் சொன்னவரும் உண்டு. எல்லாரும் நல்ல நிலையில் உள்ளவர்கள்தான்.

ஆக நிரப்புவது நமக்கும் இயந்திரத்துக்கும் பொது. சரிபார்ப்பதில்தான் பிரிகிறோம். பெயர் தொண்டை வரை வந்து நிற்கிறது, வர மாட்டேன் என்கிறது என்கிறோமே, அந்தத் தவிப்பு நமக்குள்ளேயே ஒரு காவல். இயந்திரத்திடம் அந்தக் காவலை நம்ப முடியாது. 2023-இல் நியூயார்க்கில் ஒரு வழக்கில், வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி தந்த இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டி 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். அவை உண்மையா என்று திருப்பிக் கேட்டபோதும் அது ‘ஆம்’ என்றே சொன்னது. முதல் நிரப்பலைச் சரிபார்க்கக் கேட்டால் வருவது இரண்டாவது நிரப்பல். சிங்கப்பூர் நீதிமன்றங்கள் 2024 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த வழிகாட்டி, இக்கருவிகளைத் தடை செய்யவில்லை. தாக்கல் செய்வதற்குப் பொறுப்பு பயன்படுத்துபவருடையது என்கிறது. காவலை மனிதர் கையிலேயே விட்டிருக்கிறார்கள், நியாயம்தான்.

> அப்படியானால் சரியான விடையும் இட்டுநிரப்பியதுதானே?

இந்த இழையிலேயே கூர்மையான கேள்வி இதுதான். என் எண்ணம்: ஆதாரம் இல்லாத இடத்தை ஆதாரம் உள்ளதுபோல் நிரப்பினால், விடை தற்செயலாகச் சரியாக அமைந்தாலும் அது இட்டுநிரப்பலே. சரி தவறு என்பதை வைத்து வரையறுத்தால் ‘பிழை’ என்ற சொல்லே போதும், புதுச்சொல் தேவையில்லை.

பேச்சிலும் ஓடுகிறது: “தெரியாம இட்டு நிரப்பிருச்சு.” எழுத்தில் ‘இட்டுநிரப்பிய மேற்கோள்’, ‘இட்டுநிரப்பல் வீதம்’ என்று விரியும். ‘வெற்றிடத்தை இட்டு நிரப்ப’ என்று ஏற்கெனவே எழுதுகிறோம், காதுக்குப் புதிதில்லை. கலைச்சொல்லாக வரும்போது மட்டும் இடைவெளி விடாமல் சேர்த்து எழுதலாம் என்பேன்.

மருத்துவத்தில் கன்ஃபேபுலேஷனுக்கும் இதையே வைக்கலாமா என்று மருத்துவ நண்பர்கள்தான் சொல்ல வேண்டும். ‘பிராம்ப்ட்’டுக்கு (உரையாடுபொறிக்கு நாம் இடும் கேள்வி அல்லது கட்டளை) ‘தூண்டுரையா’, ‘ஏவுரையா’ என்று கிளம்பிய சண்டையை இங்கே கலக்க வேண்டாம், தனி இழை தொடங்குங்கள்.