மறு: 'நாலெஜ் கேப்ச்சர்' (பணியாளர்களுக்குத் தெரிந்ததை நிறுவனம் பதிந்து வைத்துக்கொள்வது) தமிழில் என்ன?

> 'அறிவுக் கைப்பற்றல்' என்றே வைத்துக்கொள்ளலாம். நேரடியாக இருக்கிறது.

நேரடியாக இருப்பதுதான் சிக்கல். தமிழில் கைப்பற்றுவது கோட்டையை, ஆட்சியை. காவல்துறை என்றால் கடத்தல் பொருளை. ஒரு நிறுவனத்தின் அறிவு மேலாண்மை மென்பொருளுக்கு 'அறிவைக் கைப்பற்று' என்று பொத்தான் எழுதிக் கொடுத்த பாவம் எனக்கும் உண்டு. ஓய்வுபெற ஆறு மாதம் இருந்த மெக்கானிக் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "எடுத்துக்கிட்டு அனுப்பிடுவீங்களா?" என்றார். அன்று சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தால், அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார்.

தத்துவ அறிஞர் மைக்கேல் பொலானி 1966-இல் எழுதியது இதைத்தான்: நமக்குத் தெரிந்த அளவுக்கு நமக்குச் சொல்ல வராது. இந்த மெக்கானிக் பம்பின் ஓசையை வைத்தே பேரிங் போய்விட்டது என்பார். எப்படிப்பட்ட ஓசை? "கரகரன்னு இல்ல, ஒரு மாதிரி இழுக்கும்." இதை எங்கே போய்க் கைப்பற்றுவது? பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, அவர் சம்மதிக்கும் அளவுக்கு எழுதிக்கொள்ளலாம்.

> டேசிட் நாலெஜ் (சொல்லில் கொண்டுவர முடியாத அறிவு) = மறையறிவு

வேண்டாமே. வேண்டுமென்றே ஒளித்து வைத்திருக்கிறார் என்று பழி வந்துவிடும். 'கைவந்த கலை' இருக்கிறது, 'கைவந்த அறிவு' போதும். (எழுதி வைத்ததை 'எழுத்தறிவு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், முதியோர் கல்வி ஆகிவிடும்.)

கேப்ச்சருக்கு என் பரிந்துரை 'கேட்டுப்பதிவு'. காதால் கேட்பது, கேள்வி கேட்பது, அனுமதி கேட்பது எல்லாம் அந்தக் 'கேட்டு'வில் வந்துவிடுகின்றன. 'கைப்பற்றல்' என்றால் பொருள் மட்டும்தான் மிஞ்சும்; கேட்டது என்றால் சொன்னவர் யார் என்ற கட்டமும் படிவத்தில் தானே வந்து நிற்கும். ஜெராக்ஸ் நிறுவனத்தின் 'யுரேகா' என்ற குறிப்புப் பகிர்வு அமைப்பில் ஒளிநகல் இயந்திரம் பழுதுபார்ப்பவர்கள் அனுப்பிய குறிப்புகளைச் சக பணியாளர்களே சரிபார்த்தார்கள். குறிப்போடு அனுப்பியவர் பெயரும் இருந்தது.

மின்னஞ்சலிலிருந்தும் அரட்டையிலிருந்தும் மென்பொருள் தானாக உருவிக்கொள்கிறதே, அதற்கு இது பொருந்துமா என்பீர்கள். பொருந்தாது. அதற்குக் 'கேளாப்பதிவு' என்று தனியாக வைப்போம். அதைத் திரையில் அப்படியே போட எந்த நிறுவனம் ஒத்துக்கொள்ளும் என்பது வேறு கதை.

பொத்தானுக்கு 'கேட்டுப்பதி' போதுமா, 'கேட்டுப் பதிவுசெய்' என்று நீட்ட வேண்டுமா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.