காபியில் சிக்கரியை முதலில் கலந்தது யார்?

திருச்சிக்காரி:
போன வாரம் அப்பாவுக்குச் சிக்கரியே கலக்காத காபிப்பொடி வாங்கிப் போனேன். அவர் வழக்கமாக வாங்குவதைவிட விலை கூடுதல். ஃபில்டரில் இறக்கி, பாலைக் காய்ச்சி, நுரை பொங்க ஆற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டபராவைக் கீழே வைத்தார். "ரெண்டாம் டிகாக்‌ஷனாம்மா?" என்றார். காபி 80, சிக்கரி 20 என்ற கலவையிலேயே ஊறிய நாக்கு! இந்த வேரைக் காபியில் கொண்டுவந்து சேர்த்தது யார்? லாபத்துக்காக நம்ம ஊர்க் கடைக்காரர்கள் செய்த வேலையா?

அரவைக்கடை:
22 வருடமாகக் காபிப்பொடிக் கடையில் நிற்கிறேன், இந்தக் குற்றச்சாட்டு எனக்குப் பழகிவிட்டது. லாபம் உண்டுதான், காபிக்கொட்டையைவிடச் சிக்கரி மலிவு. ஆனால் ஆரம்பித்தது நாங்கள் இல்லை, ஐரோப்பாக்காரர்கள். அதுவும் வேறு வழியில்லாமல்.

பழைய ஜெர்மன் ராஜ்ஜியமான பிரஷ்யாவை ஆண்ட இரண்டாம் பிரெடெரிக்குக்கு, காபிக்காகக் காசு வெளிநாடு போவது பொறுக்கவில்லை. 1781இல் காபி வறுக்கும் உரிமையை அரசின் கைக்குக் கொண்டுவந்தார். திருட்டுத்தனமாக வறுப்பவர்களைப் பிடிக்கப் பழைய சிப்பாய்கள் தெருத்தெருவாக மோப்பம் பிடித்துத் திரிந்தார்கள். (எங்கள் கடைத்தெருவுக்கு வந்திருந்தால் காலை ஆறு மணிக்கே வேலை முடிந்திருக்கும்.) சாதாரண ஜனங்கள் சிக்கரி வேரை வறுத்துக் குடித்தார்கள். அப்புறம் 1806இல், பிரிட்டனோடு யாரும் வியாபாரம் செய்யக் கூடாது என்று நெப்போலியன் தடை போட்டார். காபி வரத்து சுருங்கியது, பிரான்சில் சிக்கரி பரவியது. சண்டை முடிந்து காபி திரும்ப வந்தபோதும் சிக்கரியை விட மனமில்லை. உங்கள் அப்பா மாதிரிதான்.

பிரிட்டனிலும் இந்தக் கலவை சகஜம். 1876இல் கிளாஸ்கோவில் காபியும் சிக்கரியும் கலந்த சாற்றைப் புட்டியில் அடைத்து, 'கேம்ப் காபி' என்று விற்றார்கள். லேபிளில் ஒரு ஸ்காட்லாந்து சிப்பாய், பக்கத்தில் தட்டேந்தி நிற்கும் சீக்கியர்.

உங்கள் அப்பா சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. சிக்கரியில் காஃபீன் துளியும் கிடையாது. ஆனால் தண்ணீரில் காபியைவிட அதிகமாகக் கரையும். டிகாக்‌ஷன் கெட்டியாக, கறுப்பாக இறங்கும். தாராளமாகப் பால் ஊற்றினாலும் நிறம் வெளுக்காது. பால் சேர்க்காமல் குடிப்பவருக்கு இது தேவையில்லை. நமக்கு முக்கால் டம்ளர் பால் வேண்டுமே!

உங்கள் பொடியைச் சோதிக்க வேண்டுமானால், ஒரு கண்ணாடி டம்ளர் பச்சைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவுங்கள். காபி மிதக்கும். சிக்கரி பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டே கீழே இறங்கும். பாக்கெட்டின் பின்பக்கத்தையும் பாருங்கள். 49 சதவீதம் வரை கலக்கச் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் எவ்வளவு என்று அச்சிட்டிருக்க வேண்டும்.

வடபிரான்ஸ்வாசி:
இங்கே சூப்பர்மார்க்கெட்டில் சிக்கரி தனியாகவே டப்பாவில் கிடைக்கிறது. காபியே இல்லாமல் சூடான பாலில் கலந்து குடிப்பார்கள். நானும் ஒரு குளிர்காலம் முழுக்கக் குடித்துப் பார்த்தேன். வாசனை பரவாயில்லை, ஆனால் தூக்கம் கலையவில்லை. இந்தச் செடியின் இன்னொரு வகையில் வேரை இருட்டில் வைத்து முளைக்கவிட்டு, வெள்ளைக் குருத்தைக் காய்கறியாகச் சமைக்கிறார்கள். 'சிக்கோன்' என்பார்கள். லேசான கசப்பு, பாகற்காய் சாப்பிடுகிறவர்களுக்குப் பிடிக்கும்.

திருச்சிக்காரி:
டம்ளர் சோதனை செய்தேன். நான் வாங்கிய பொடி அப்படியே மிதந்தது. அப்பாவுடையதைத் தூவிய உடனே தண்ணீர் பழுப்பாகிவிட்டது. இருபதுக்கு மேலேயே இருக்கும் போல. சரி, அவரை மெதுவாகக் குறைக்க வைக்க வழி உண்டா?

அரவைக்கடை:
கடையில் 85க்கு 15 கேட்டு வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்து 90க்கு 10. கொஞ்சம் நைஸாக அரைக்கச் சொல்லுங்கள், டிகாக்‌ஷன் கெட்டியாக இறங்கும். பழைய டப்பாவிலேயே கொட்டி வையுங்கள். அப்பாவிடம் மூச்சு விடாதீர்கள்.