ஐப்பசியில் சாமநத்தம்: கம்பிக் குருவிகள் சில நாள் மட்டும் காணாமல் போவது ஏன்?

வில்லாபுரத்தான்:
மழை ஆரம்பித்ததிலிருந்து மதுரை சாமநத்தம் கண்மாய்க்குப் போய்க்கொண்டிருக்கிறேன். தண்ணீரில் இருக்கும் நாமக்கோழி, நாரை எல்லாம் சுலபமாகத் தெரிகிறது. கரையோரம் கரண்டு கம்பியில் உட்காரும் குருவிகள்தான் பிடிபடவில்லை. சில நாள் கம்பி நிறைய இருக்கின்றன, சில நாள் ஒன்றுகூட இல்லை. விடியற்காலை ஆறு மணிக்கே போய்விடுகிறேன், நேரம் சரிதானே?

கண்மாய்க்கரை:
ஆறு மணி நீர்ப்பறவைக்குச் சரி தம்பி, கம்பிக் குருவிக்குச் சீக்கிரம். வெயில் ஏறினால்தான் தட்டானும் தேனீயும் கிளம்பும், எட்டு மணி வாக்கில் பாருங்கள். பாய்ந்து போய்ப் பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே கம்பிக்குத் திரும்பினால் அது பஞ்சுருட்டானாகவோ கரிச்சானாகவோ இருக்கும், இரண்டும் அப்படித்தான். கரிச்சான் முழுக் கறுப்பு, வால் பிளந்திருக்கும். பஞ்சுருட்டான் தேனீயைக் கம்பியில் அடித்து, தேய்த்து, கொடுக்கை எடுத்துவிட்டுத்தான் விழுங்கும், அதைப் பார்க்கவே போகலாம். வால் நீலமாக இருந்தால் குளிர்கால விருந்தாளி. தகைவிலானும் விருந்தாளிதான், ஆனால் அது பறந்தபடியே தின்னும், கம்பிக்கு வருவது ஓய்வெடுக்க. காற்று பலமாக அடித்தாலோ மழை விடாமல் பெய்தாலோ பூச்சி பறக்காது, அப்புறம் இவற்றுக்கு அங்கே என்ன வேலை?

மேலூர்க்காரி:
அண்ணன் சொன்னதோடு இன்னொன்று. பக்கத்து வயலில் மருந்து அடித்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அடித்த வயலில் தட்டானும் இருக்காது, வெட்டுக்கிளியும் இருக்காது, குருவி மட்டும் எப்படி இருக்கும்? எங்கள் பக்கம் டிராக்டர் சேற்றுழவு ஓட்டும்போது பின்னாலேயே உண்ணிக்கொக்கு கூட்டமாக நடக்கும், மண்ணிலிருந்து கிளம்புகிற பூச்சி, தவளை எல்லாம் அதற்குத்தான். நல்ல மழைக்குப் பிறகு ஈசல் கிளம்புகிற புற்றைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். மைனா, காக்கை, கரிச்சான் எல்லாம் வந்துவிடும், பருந்துகூட ஈசலைக் காலால் பிடித்துப் பறந்துகொண்டே தின்னும். பொரியரிசியோடு வறுத்துத் தின்ன நமக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்தால் நல்லது :)

தட்டான்பித்தன்:
கூட்டமாகப் பறக்கும் அந்த மஞ்சள் தட்டானைச் சும்மா விடாதீர்கள், அது ஊர் சுற்றி. ஆற்றுத் தண்ணீரே இல்லாத மாலத்தீவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை லட்சக்கணக்கில் எங்கிருந்து வருகிறது என்று அங்கே வாழ்ந்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் யோசித்து, இந்தியாவிலிருந்து கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா போகிறது என்று 2009-ல் எழுதினார். அமூர் வல்லூறும் அதே பருவத்தில் அதே திசையில் போகிறது, வழியில் இந்தத் தட்டானைத் தின்றுதான் கடலைக் கடக்கிறது என்பது அவர் கணிப்பு. அதற்காகச் சாமநத்தத்தில் போய் அமூர் வல்லூறைத் தேடாதீர்கள், தட்டானைப் பார்த்தால் போதும்.

வில்லாபுரத்தான்:
மருந்து விஷயம் யோசிக்கவே இல்லை அக்கா, நன்றி. கிழக்குக் கரையில் போன வாரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஞாயிறு எட்டு மணிக்கு மேற்குப் பக்கம் போகிறேன், யாராவது வருகிறீர்களா?

கண்மாய்க்கரை:
மழை விட்டிருந்தால் வருகிறேன். மேற்குப் பக்கம் என்றால் வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்காது, கண் கூசும். வயல் ஓரமாகச் சுற்றிக் கிழக்கே பார்க்காத மாதிரி நிற்க இடம் இருக்கிறது, காட்டுகிறேன்.