அமெரிக்கப் பழங்குடி எழுத்தாளர் லூயிஸ் எர்ட்ரிக்கின் நாவல்கள்: இன்னும் மண்டையைக் குடையும் இடம் எது?

கல்தூண்:
அவருடைய முதல் நாவல் லவ் மெடிசினில் லைமன் சூதாட்ட விடுதிக்குத் திட்டம் போடும் அத்தியாயம். அதைப் பற்றிப் பேச்செடுத்தால் "அப்படியொன்று கிடையவே கிடையாது" என்று அடித்துச் சொல்கிறார்கள். பதிப்புச் சிக்கல்தான். 1984 பதிப்பில் 14 அத்தியாயங்கள். 1993இல் நான்கு சேர்ந்தன: தி ஐலண்ட், ரெசரெக்‌ஷன், தி டோமஹாக் ஃபேக்டரி, லைமன்ஸ் லக். 2009இல் கடைசி இரண்டையும் எர்ட்ரிக்கே கதையிலிருந்து எடுத்துவிட்டார். டோமஹாக் மட்டும் பின்னிணைப்புக்குப் போனது. பழைய பிரதி வாங்குகிறவர்கள் அட்டையை விட்டுவிட்டுப் பொருளடக்கத்தைப் பாருங்கள். தி ஐலண்ட் இல்லையா, 1984. லைமன்ஸ் லக் இருக்கிறதா, 1993. என் ஓட்டு 1993க்கு.

புளியமரம்:
பதிப்பு எதுவானாலும் அந்த வான்கோழி இதயம் மாறவில்லையே! லூலு பின்னால் அலையும் கிழவர் நெக்டரை மனைவி மேரியிடம் திருப்ப, அவர்கள் வளர்த்த லிப்ஷா வசிய மருந்து தேடுகிறான். சாகும்வரை ஜோடி பிரியாத காட்டு வாத்துகளின் இதயம் வேண்டும். சுட்டான், குறி தப்பியது. கடைக்குப் போய் உறைந்த வான்கோழி இதயம் வாங்கினான். பாதிரியாரும் கன்னியாஸ்திரீயும் மந்திரிக்க மறுக்க, தானே தீர்த்தத்தில் விரல் நனைத்துத் தொட்டுவைத்தான். மேரி தன் பங்கைத் தின்றுவிட்டாள். நெக்டர் விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டு வம்பு பண்ண, அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். தொண்டையில் அடைத்துச் செத்தார். கொன்றது போலி மருந்தா, அந்த அடியா? லிப்ஷா பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறான். எனக்கென்னவோ அடிதான் என்று படுகிறது.

ஒற்றைப்பனை:
கல்தூண் சார், 1993க்கு ஓட்டுப் போட முடியாது. கடைசிக் கால்பகுதியில் கதை லிப்ஷாவைப் பெற்ற ஜூனின் பிள்ளைகளை நோக்கி ஓடும்போது டோமஹாக் தொழிற்சாலைச் சண்டை குறுக்கே வந்து நிற்கிறது. லைமன் வேண்டுமென்றால் 1994இல் வந்த தி பிங்கோ பேலஸ் இருக்கிறதே.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் வாசிக்கும் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். ட்ராக்ஸ் நாவல் நடப்பது 1912 முதல் 1924 வரை, அதனால் அதில்தான் தொடங்க வேண்டும் என்று சிலர் கிளப்பிவிடுகிறார்கள். வேண்டாம். லவ் மெடிசினில் லியோபோல்டா என்ற கன்னியாஸ்திரீ மேரியின் கையில் முள்கரண்டியைக் குத்துவாள். அப்போது அவள் நமக்கு வெறி பிடித்த ஒரு துறவி, அவ்வளவுதான். 1988இல் வந்த ட்ராக்ஸில்தான் அவள் மேரியைப் பெற்ற பாலீன் என்று தெரிகிறது. முதலில் ட்ராக்ஸை வாசித்தால் இந்த அதிர்ச்சி போச்சு. தி லாஸ்ட் ரிப்போர்ட் (2001) ட்ராக்ஸுக்குப் பிறகுதான். டேமியன் பாதிரியாரை ஆணென்று நம்பி ஒரு புத்தகம் முழுக்கப் பழகியிருந்தால்தான் அது வேலை செய்யும். தி பீட் குவீனை (1986) எப்போது வேண்டுமானாலும் வாசிக்கலாம்.

கூடவே ஒரு தாளில் வம்சாவளி போடுங்கள். ஒவ்வொருவருக்கும் பெற்றவர், வளர்த்தவர் என்று தனித்தனிக் கட்டம் வேண்டும். ஒரே கட்டமாகப் போட்டால், பெற்றவர் வேறு வளர்த்தவர் வேறான ஜூனிலேயே சிக்கிக்கொள்வீர்கள். பென்சிலில் எழுதுங்கள், லிப்ஷாவின் தகப்பன் ஜெரி என்பது கடைசியில்தான் உறுதியாகிறது.

செம்மண்:
வரிசை, பதிப்பு எல்லாம் இருக்கட்டும். தி ரவுண்ட் ஹவுஸ் (2012) பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லையே? பழங்குடி நீதிபதியான அப்பா, பூசணம் பிடித்த கேசரோல் உணவை மேசையில் கொட்டி, அதன்மேல் கத்தியும் கரண்டியுமாக அடுக்கி, ஒவ்வொன்றும் ஒரு தீர்ப்பு என்று மகன் ஜோவுக்குக் காட்டுவார். அடியில் அழுகிக் கிடப்பது 1823இன் ஜான்சன் எதிர் மெக்கிண்டாஷ்: நிலம் 'கண்டுபிடித்த' வெள்ளையருக்கே என்ற தீர்ப்பு. 1978இன் ஆலிஃபன்ட் தீர்ப்போ, பழங்குடியல்லாதவர் மீது பழங்குடி நீதிமன்றம் குற்ற வழக்கு நடத்தவே முடியாது என்றது. கதை 1988இல் நடக்கிறது, ஆகவே ஜோவின் அம்மாவைச் சிதைத்த வெள்ளையன் மேல் அப்பாவின் நீதிமன்றம் கைவைக்க முடியாது.

கல்தூண்:
செம்மண், சட்டம் கொஞ்சம் மாறியிருக்கிறது. குடும்ப வன்முறைக்கு 2013இலும், பாலியல் வன்முறைக்கு 2022இலும் பழங்குடி நீதிமன்றங்களுக்கு ஓரளவு அதிகாரம் கிடைத்தது.

செம்மண்:
தெரியும். அதற்கும் சம்பவம் பழங்குடி நிலத்தில் நடந்ததென்று காட்ட வேண்டும். பழங்குடியினரின் சடங்குக் கட்டடமான அந்த வட்ட வீட்டைச் சுற்றிப் பழங்குடி நிலம், மாநில நிலம், தனியார் நிலம் மூன்றும் ஒட்டிக் கிடக்கின்றன. எதில் நடந்ததென்று ஜோவின் அம்மாவால் சொல்ல முடியவில்லை, தலையை மூடியிருந்தான்.