கல்லீரல் கிருமி, கிளினிக் அனுபவம்: மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்

செந்தூல் மிஸ்ஸி:
போன மாதம் நான் நர்ஸாக இருக்கும் அரசு கிளினிக்கில் இனிப்புநீர்க்காரர்கள் (நீரிழிவு உள்ளவர்கள்) வரும் நாள். லோரி ஓட்டுகிற ஐயா ஒருவர், 58 வயது, கல்லீரல் நிலையைக் காட்டும் ஏஎல்டி என்ற ரத்த அளவு கொஞ்சம் கூடியிருந்தது. எதற்கும் பார்ப்போம் என்று விரலைக் குத்தி ஹெப் சி, அதாவது ரத்தம் வழியாகப் பரவும் ஹெப்படைடிஸ் சி கிருமிக்கான சோதனைக் கிட் போட்டேன். இரண்டு கோடு, கிருமி தொற்றியதற்கான அடையாளம். உடனே நான் கேட்ட முதல் கேள்வி, "ஐயா, போதை ஊசி போட்டதுண்டா?" அவர் முகம் அப்படியே சுருங்கிவிட்டது. "மிஸ்ஸி, நான் சிகரெட்கூடத் தொட்டதில்லை" என்றவர், கால்சட்டையைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே ஒரு நீளத் தழும்பைக் காட்டினார். 1988-ல் தோட்டத்தில் டிராக்டர் கவிழ்ந்து மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். இங்கே மலேசியாவில் தானம் கொடுக்கும் ரத்தத்தில் ஹெப் சி பார்க்க ஆரம்பித்ததே 1994-ல்தான். நான் முதலில் ரத்தம் ஏற்றியதைத்தானே கேட்டிருக்க வேண்டும்! கிருமி இன்னும் உடம்பில் இருக்கிறதா என்று பார்க்க ஆர்என்ஏ ரத்தம் எடுக்க வேண்டும், அதற்கு அவர் வரவேயில்லை. போனும் எடுப்பதில்லை. பன்னிரண்டு வாரம் மாத்திரை, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குணமாகிற நோய். அந்தச் சிகிச்சையிலிருந்து ஒருத்தரை என் வாயாலேயே விரட்டிவிட்டேன்.

பிறை ஜெயா:
எங்கள் அப்பாவுக்கு ஹெப் பி, இன்னொரு கல்லீரல் கிருமி. 2003-ல் ரத்ததானம் செய்யப் போன இடத்தில்தான் தெரிந்தது. பக்கத்துத் தனியார் கிளினிக்கில் "கேரியர்தான், கிருமி சும்மா உடம்பில் இருக்கிறது, ஒன்றும் இல்லை" என்றார்கள், அந்தத் தாள் பதினாறு வருடம் சாமி அலமாரியில் கிடந்தது. 2019-ல் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வயிறு உப்பி ஸ்கேனுக்குப் போனோம். அதுவரை அப்பாவோடு முறுக்கு, அதிரசம் என்று பேசிக்கொண்டே கருவியை நகர்த்திய பெண் சட்டென்று பேச்சை நிறுத்தி, திரையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பினாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன், ஒரு ரத்தம் என்று யாராவது ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கக் கூடாதா? அப்புறம் எங்களைச் சோதித்ததில் 1984-ல் பிறந்த அண்ணனுக்கும் இருந்தது. எனக்கு இல்லை, நான் 1991. பிறந்த குழந்தைகளுக்கு ஹெப் பி தடுப்பூசி 1989-லேயே வந்துவிட்டது.

பிரிக்பீல்ட்ஸ் முருகு:
ஜெயா, டாக்டரை மட்டும் சொல்லாதீர்கள், நாமும் போய்க் கேட்க வேண்டும். எனக்கும் ஹெப் பி. கீழாநெல்லி போதும் என்று, கிருமியை அடக்கி வைக்கும் டெனோஃபோவிர் மாத்திரையை நானே நிறுத்தினேன், மூன்றாம் மாதம் கண் மஞ்சளாகி வார்டில் கிடந்தேன். அதனால் சொல்கிறேன். கீழாநெல்லியைப் பற்றி 1988-ல் சென்னை மருத்துவர்கள் நம்பிக்கை தரும் ஆய்வு வெளியிட்டது உண்மைதான், ஆனால் பிறகு வந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டில் எல்லாரையும் சோதியுங்கள், இல்லாதவர்களுக்கு ஊசி போடுங்கள். சவரக் கத்தி, பல் பிரஷ் தனி. ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது, பேரப்பிள்ளையைத் தள்ளி வைக்காதீர்கள். மூட்டு வலிக்கு விற்கும் பெயர் தெரியாத பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், அடங்கிக் கிடக்கும் கிருமியை அது கிளப்பிவிடும். மிஸ்ஸி, அந்த ஐயாவுக்கு ஹெப் சி மாத்திரை தொடங்கும் முன் ஹெப் பி-யும் பாருங்கள், சி போகும்போது பி எழும்புவதுண்டு.

பிறை ஜெயா:
அண்ணே, வலியே இல்லாத நோய்க்கு, ஒன்றும் இல்லை என்று டாக்டரே சொன்ன பிறகு, லீவு போட்டு எந்தத் தொழிலாளி போவார்? எங்கள் அப்பா சொன்ன சொல்லைக் கேட்டார், அவ்வளவுதான்.

பிரிக்பீல்ட்ஸ் முருகு:
சரிம்மா. அந்த வார்த்தை தப்புதான்.

செந்தூல் மிஸ்ஸி:
முருகண்ணே, ஹெப் பி-யும் பார்க்கச் சொல்லிக் குறித்துவிட்டேன். இனிப்புநீர் மாத்திரை வாங்க அந்த ஐயா 14-ஆம் தேதி மருந்து கவுண்டருக்கு எப்படியும் வந்தாக வேண்டும். வந்ததும் என்னைக் கூப்பிடச் சொல்லி அங்கே சொல்லி வைத்திருக்கிறேன். முதலில் மன்னிப்புக் கேட்கிறேன், ரத்தம் அப்புறம்.