சுனாமி எச்சரிக்கை தெருவுக்கு வந்து சேரும் வழி: துறையில் இருப்பவர்களின் அனுபவப் பகிர்வு

இழையைத் தொடங்கியவர்:
இந்தியப் பெருங்கடல் நாடுகள் சேர்ந்து நடத்தும் எச்சரிக்கை முறையோடு பழகியவர்கள் எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம். எந்த இடத்தில் எத்தனை நிமிடம் போகிறது, எது கெட்டுப்போகிறது, ஏன், எப்படிச் சரி செய்வது, இவ்வளவு போதும். கரையோர நகரங்களில் வேலை செய்பவர்கள் பலர் இங்கே படிக்கிறார்கள்.

கடலறிவிப்பு மேசை:
2004 டிசம்பர் 26 காலையைக் கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தால் இந்த முறை ஏன் இப்படி அமைந்தது என்று புரியும். சுமத்ராவில் பூமி அதிர்ந்தது இந்திய நேரம் 6.29. ஹவாயில் உள்ள பசிபிக் மையம் கால் மணி நேரத்தில் அறிக்கை விட்டது. ஆனால் அளவை 8.0 என்று குறைவாகக் கணித்திருந்தது, அறிக்கையும் பசிபிக் நாடுகளுக்கானது. சுமத்ராவின் வடமுனையில் உள்ள பண்டா ஆச்சேவுக்கு அலை வர ஏறத்தாழ 20 நிமிடம். இலங்கையின் கிழக்குக் கரைக்குச் சுமார் இரண்டு மணி நேரம், சென்னைக்கு இரண்டரை. இலங்கைக்கும் நமக்கும் நேரம் இருந்தது. யாரைக் கூப்பிட்டுச் சொல்வது என்ற தொலைபேசிப் பட்டியல்தான் யாரிடமும் இல்லை.

அதனால்தான் 2005-இல் யுனெஸ்கோவின் கடலியல் ஆணையத்தின் கீழ் இந்தியப் பெருங்கடலுக்கென்று தனி முறை உருவானது. 2011 முதல் ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் மையமான இன்காய்ஸ், ஜகார்த்தாவில் உள்ள இந்தோனேசிய வானிலை, நிலநடுக்கத் துறையான பி.எம்.கே.ஜி., ஆஸ்திரேலிய மையம் ஆகிய மூன்றும் மற்ற நாடுகளுக்கும் சேர்த்துக் கணித்துக் கொடுக்கின்றன. 6.5-க்கு மேல் நிலநடுக்கம் என்றால் சுமார் 10 நிமிடத்தில் முதல் அறிக்கை வந்துவிடும். கரை சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எந்தப் பகுதிக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு உயரம் என்று முன்கூட்டியே கணித்து வைத்த ஆயிரக்கணக்கான கணினி மாதிரிகளில் பொருந்துவதை எடுத்துத் தருகிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த மூன்று மையங்களும் பிற நாடுகளுக்கு அனுப்புவது ஆபத்து மதிப்பீடு மட்டுமே. 'ஓடுங்கள்' என்று மக்களுக்குச் சொல்லும் அதிகாரம் அந்தந்த நாட்டு மையத்துக்குத்தான். இது வெறும் அதிகார வரம்புப் பிரச்சினை இல்லை, நிறங்களே வேறு. இந்தியாவில் 2 மீட்டருக்கு மேல் என்றால் சிவப்பு எச்சரிக்கை. இந்தோனேசியாவில் 3 மீட்டருக்கு மேல் போனால்தான் உச்ச நிலையான 'ஆவாஸ்'. அரை மீட்டரிலிருந்து 3 மீட்டர் வரை இரண்டாம் நிலையான 'சியாகா'. அதாவது 2.5 மீட்டர் அலை இங்கே முதல் நிலை, அங்கே இரண்டாம் நிலை. ஆகவே எல்லை தாண்டிப் பேசும்போது நிறத்தைச் சொல்லாதீர்கள், மீட்டரையும் நேரத்தையும் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அயல்நாட்டு வரைபடத்தை எடுத்துப் பரப்புகிறவர்கள் செய்யும் தப்பு இதுதான்.

கெடுவது எது என்றால் பெரும்பாலும் அற்ப விஷயங்கள். ஃபேக்ஸ் எண் மாறியிருக்கும், மின்னஞ்சல் ஸ்பாமில் போய் விழுந்திருக்கும், பொறுப்பு அதிகாரி மாற்றலாகியிருப்பார். இதைப் பிடிக்கத்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகவல் தொடர்பு ஒத்திகை நடக்கிறது. ஒவ்வொரு வழியிலும் செய்தி கிடைத்த நேரத்தைத் தனித்தனியாகக் குறித்து அனுப்ப வேண்டும். இந்தியப் பெருங்கடல் நாடுகள் சேர்ந்து நடத்தும் பெரிய ஒத்திகை 'ஐஓவேவ்'. 2018 செப்டம்பரில் நடந்ததில் சுமத்ரா மட்டுமல்லாமல் பாகிஸ்தான், ஈரான் பக்கத்து மக்ரான் கரையும் எடுத்துக்கொள்ளப்பட்டது. 1945-இல் அந்தப் பக்கம் வந்த சுனாமி கராச்சியையும் மும்பையையும் தொட்டது பலருக்கு நினைவில்லை.

அலைமானி:
மேலே சொன்ன கணிப்பு சரியா தப்பா என்று சொல்வது கடலில் இருக்கும் கருவிகள்தான். அங்கேதான் நாடுகளுக்கு இடையே தரவைத் திறந்து வைப்பது உயிர் காக்கும்.

ஆழ்கடலில் இரண்டு பாகம். கீழே கடலடி அழுத்தமானி, மேலே மிதவை. கீழுள்ளது சில ஆயிரம் மீட்டர் நீருக்கு அடியில் உட்கார்ந்து ஒரு சென்டிமீட்டர் அளவு ஏற்ற இறக்கத்தையும் உணரும். ஒலி அலையாக மிதவைக்கு அனுப்பும், மிதவை செயற்கைக்கோளுக்குத் தரும். கெடுவது பெரும்பாலும் மேலே உள்ள மிதவைதான். மிதவையடியில் மீன் கூடும் என்பதால் படகுகள் வந்து கட்டிக்கொள்ளும், கயிறு அறுந்துபோகும், சூரியத் தகடு காணாமல் போகும். இந்தோனேசியாவின் மிதவைகள் 2012-க்குப் பின் இயங்காமலே போனதற்குச் சேதமும் பராமரிப்புப் பணமும் சேர்ந்து காரணம். ஒரு மிதவையைச் சரி பார்க்கக் கப்பல் போயாக வேண்டும், அதுதான் செலவு. மீனவர் சங்கங்களில் உட்கார்ந்து 'இது உங்கள் வீட்டுக்கான காவல்' என்று பேசிய இடங்களில் சேதம் குறையும். வேலி போட முடியாத கருவிக்கு இதைவிட நல்ல காவல் கிடையாது.

துறைமுகக் கடல்மட்டக் கருவியில் வேறு வகைக் கோளாறு. பழைய மிதப்புக் கருவி ஒரு குழாய்க் கிணற்றுக்குள் இருக்கும். சாதாரண அலையை மட்டுப்படுத்த அடியில் சிறு துளை வைத்திருப்பார்கள். அதில் கொட்டலசு (ஒட்டி வளரும் சிறு கடலுயிரி) படிந்து அடைத்துக்கொண்டால் சுனாமியின் வேகமான ஏற்ற இறக்கமும் மழுங்கிப் பதிவாகும். துளையை அவ்வப்போது சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். ரேடார் கருவிக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதன் நேர் கீழே படகு கட்டினால் படகின் தளத்தைத்தான் அளக்கும். ஒரு நிமிடச் சராசரியை எடுத்துச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அனுப்பும்படி அமையுங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும் பழைய அமைப்பு வானிலைக்குப் போதும், சில நிமிடங்களில் வந்துவிடும் பக்கத்துக் கரைச் சுனாமிக்குப் போதாது.

இந்தோனேசியாவின் பாலு நகரத்தில் நடந்தது இதற்குச் சாட்சி. 2018 செப்டம்பர் 28 மாலை 6.02-க்கு 7.5 அளவு நிலநடுக்கம். ஐந்து நிமிடத்தில் எச்சரிக்கை வந்தது. குறுகலான விரிகுடாவுக்குள் கரைச்சரிவுகள் சரிந்ததால் அலை அதே சில நிமிடங்களில் வந்துவிட்டது. விரிகுடாவுக்குள் இருந்த பாண்டோலோவான் கருவியின் தரவு அந்த நேரத்தில் மையத்துக்கு வரவில்லை. கிடைத்தது தொலைவிலிருந்த மமுஜு கருவியின் 6 சென்டிமீட்டர்தான். அதை வைத்துப் பார்த்தால் ஆபத்தில்லை என்றே தோன்றும். அரை மணி நேரத்தில் எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 22-இல் அனாக் கிரகடோவா எரிமலையின் ஒரு பக்கமே கடலில் சரிந்து 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நிலநடுக்கத்தையே தொடக்கமாகக் கொண்ட முறைக்கு அது தெரியவே இல்லை. அதன் பிறகு ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையமும் இந்தோனேசியாவும் சேர்ந்து மலிவான கருவிகளை அடர்த்தியாகப் பொருத்தின: சிறு கணினிப் பலகை, ஒலி அல்லது ரேடார் உணரி, சூரியத் தகடு, மொபைல் சிம். விலை உயர்ந்த ஒன்று கெட்டுக் கிடப்பதைவிட மலிவான பத்து இருப்பது மேல் என்பது என் உறுதியான கருத்து.

கரைவாசி:
ஒரு சந்தேகம். 2012 ஏப்ரல் 11 பிற்பகல் 8.6 என்றார்கள், சென்னையிலும் ஆட்டம் தெரிந்தது. அலை ஏன் எழவில்லை?

கடலறிவிப்பு மேசை:
நல்ல கேள்விங்க. அன்று கடலடித் தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்தன. 2004-இல் ஒன்று மற்றொன்றின் மேல் ஏறித் தண்ணீரை உயர்த்தித் தள்ளியது. தண்ணீர் மேலே தூக்கப்பட்டால்தான் பெரிய சுனாமி. முதல் பத்து நிமிடத்தில் இந்த வித்தியாசம் உறுதியாகத் தெரியாது. அதனால் நிலநடுக்கத்தின் அளவு, இடம், ஆழம் இவற்றை வைத்து எச்சரித்து, கடல்மட்டத் தரவு வந்ததும் தளர்த்துவார்கள். 'பொய் எச்சரிக்கை' என்று இதைச் சொல்லாதீர்கள். அடுத்த முறை மக்கள் நகராமல் இருந்துவிடுவார்கள்.

நகரத் திட்டம்:
அதே 2012 ஏப்ரல் 11-ஐ நகரத்தின் பக்கத்திலிருந்து பார்க்கலாம். பண்டா ஆச்சேயில் ஜப்பான் உதவியோடு கட்டிய தப்பிக்கும் கட்டிடங்கள் கடலோரத்திலேயே இருந்தன. பெரும்பாலானோர் அவற்றில் ஏறாமல் பைக்கிலும் காரிலும் உள்நாட்டுப் பக்கம் கிளம்பினார்கள், சாலைகள் அடைத்துக்கொண்டன. உண்மையான அலை வந்திருந்தால் வண்டிகளிலேயே சிக்கியிருப்பார்கள்.

இப்படிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அலைக்கு 20 நிமிடம். எச்சரிக்கைக்கு 5, வீட்டை விட்டுக் கிளம்ப 5, படி ஏறவும் கடைசித் தயக்கத்துக்கும் 5. மிச்சம் 5 நிமிடம். முதியவர் நொடிக்கு அரை மீட்டர் நடந்தால் 150 மீட்டர்தான். ஆக, அந்தச் சுற்றளவுக்குள் உயரமான இடம் இல்லாத தெரு எல்லாம் கட்டிடம் தேவைப்படும் தெரு. உயரத்துக்குப் பரவலாகப் பயன்படும் விதி: எதிர்பார்க்கும் வெள்ள உயரத்தோடு 30 சதவீதம் கூட்டு, அதற்கு மேல் 3 மீட்டர். 5 மீட்டர் வெள்ளம் என்றால் 9.5 மீட்டரில் மாடி. தரைத்தளம் தூண்களாகத் திறந்திருக்கட்டும், சுவர் கட்டினால் நீரின் மொத்த அழுத்தமும் தூணுக்கு வரும். மேலே ஒருவருக்கு ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர். வெளிப்படிக்கட்டு கட்டாயம். சுமத்ராவின் பாடாங் நகரில் ஏற்கெனவே இருக்கும் பள்ளிகளையும் மசூதிகளையுமே இதற்கேற்பப் பயன்படுத்துகிறார்கள். தினம் ஆட்கள் புழங்கும் கட்டிடம் பராமரிப்பில் இருக்கும், காலியாக நிற்கும் கோபுரம் பூட்டிக் கிடக்கும்.

சைரன் பற்றியும். 30 மீட்டரில் 115 டெசிபல் என்று விற்பார்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபல் குறையும். நெருக்கமான நகரத்தில் 10 என்று கணக்கிடுவதே பாதுகாப்பு. அப்படியானால் 240 மீட்டரில் 85, 480 மீட்டரில் 75, அதாவது போக்குவரத்து இரைச்சலுக்குச் சமம். ஒரு சைரன் ஒரு கிலோமீட்டர் கேட்கும் என்ற நம்பிக்கையில் திட்டம் போடாதீர்கள். நிலநடுக்கத்தோடு மின்சாரமும் போகும், பேட்டரி இல்லாத சைரன் வெறும் கம்பம். ஆச்சேயில் மாதந்தோறும் 26-ஆம் தேதி சைரன் ஒலித்துப் பார்க்கிறார்கள். இந்தப் பழக்கத்தை எந்த நகராட்சியும் நாளைக்கே எடுத்துக்கொள்ளலாம்.

சரக்குக் கூடம்:
அலை வந்து போன பிறகு வரும் உதவியும் எல்லை தாண்டியதுதானே, அதையும் சொல்லிவிடுகிறேன். 2015 ஏப்ரலில் காத்மாண்டு நிலநடுக்கத்தின்போது நகரத்துக்கு ஒரே ஓடுபாதை. கனரக விமானங்கள் இறங்கி இறங்கி அது பெயரத் தொடங்கியதால் 196 டன்னுக்கு மேற்பட்ட விமானங்களுக்கு மே 3-இல் தடை வந்தது. நிலநடுக்கத்துக்கு ஒரு மாதம் முன்புதான் விமான நிலையத்தில் உதவிச் சரக்கு மையம் திறந்திருந்தார்கள். அது இல்லாவிட்டால் நெரிசல் இன்னும் மோசமாகியிருக்கும். ஆசியான் நாடுகள் 2005-இல் கையெழுத்திட்டு 2009-இல் நடைமுறைக்கு வந்த பேரிடர் ஒப்பந்தத்தின் கீழ் உதவி கேட்கும் படிவம், தரும் படிவம் எல்லாம் முன்பே ஒத்துக்கொள்ளப்பட்டவை. 2011-இல் ஜகார்த்தாவில் அமைந்த, பேரிடர் உதவியை ஒருங்கிணைக்கும் ஆஹா மையமும் மலேசியாவின் சுபாங்கில் உள்ள உதவிப்பொருள் கிடங்கும் அதன்படி இயங்குகின்றன.

நகரம் தயாராக வைக்க வேண்டியது என்ன? வரும் மீட்புக் குழு கருவி, கூடாரம், உணவு கொண்டுவரும். பெட்ரோல், வாயு சிலிண்டர், முட்டுக் கொடுக்கும் மரக்கட்டை ஆகியவற்றைப் பொதுவாக விமானத்தில் கொண்டுவர மாட்டார்கள். எந்தப் பெட்ரோல் பங்க், எந்த மர வாடி, எத்தனை லாரி என்று பட்டியல் இன்றே எழுதி வையுங்கள். மொழிபெயர்க்கும் ஆட்களின் எண்களும் அதோடு.

கரைவாசி:
கட்டிடம் இருக்கிறது, மாடிக் கதவு பூட்டியிருந்தால்?

நகரத் திட்டம்:
ஜப்பானில் பலமான அதிர்வு வந்தால் தானே திறக்கும் சாவிப் பெட்டி வைக்கிறார்கள். பக்கத்துக் கரைக்கு அது சரி. நாகப்பட்டினம், சென்னை மாதிரி தூரக் கரைகளில் அதிர்வு பெட்டியைத் திறக்கும் அளவுக்கு வராது. அங்கே கண்ணாடி உடைத்து எடுக்கும் பெட்டி ஒன்று, அதோடு சாவி மூன்று பேரிடம்: பகல் காவலாளி, இரவில் பக்கத்து வீட்டுக்காரர், மீனவர் பஞ்சாயத்து. பெயர் மாறினால் பலகையும் மாற வேண்டும். சைரன் ஒலித்துப் பார்க்கும் நாளிலேயே பூட்டையும் திறந்து பாருங்கள், உப்புக் காற்றில் இரண்டு மாதத்தில் இறுகிப்போகும்.